கணக்கில் வராத படங்கள்

சோபாவை வெளியே தூக்கிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்து மேசையையும் கேட்டார்கள். அவள் இரண்டு கைகளையும் ஸ்கேனர் மேல் வைத்துக்கொண்டு, “இது மட்டும் இருக்கட்டும்” என்றாள். அண்ணனின் உடல் மருத்துவமனையிலிருந்து மதியத்துக்குள் வந்துவிடும். அதற்குள் கூடத்தில் வைக்க ஒரு படம் வேண்டும். சுவர் முழுக்கப் படங்கள்தான். எல்லாம் அண்ணன் எடுத்தவை என்பதால் ஒன்றில்கூட அண்ணன் இல்லை.

போனில் இருந்தவற்றை அண்ணி காலையிலேயே காட்டிவிட்டாள். மூக்கில் குழாய், ஒட்டிப்போன கன்னம், கேமராவைப் பார்க்காத கண். மிஞ்சியது அலுவலக அடையாள அட்டை. அதில் வங்கியைக் கொள்ளையடித்துப் பிடிபட்டவன் மாதிரி இருந்தான்.

“அதையே பெருசு பண்ணிப் போட்டுடலாம்மா. வர்றவங்களுக்கு அவரு யாருன்னு தெரியாதா?” என்றாள் அண்ணி. இரண்டு நாளாகத் தூங்காத குரல்.

“கொஞ்ச நேரம் குடுங்க அண்ணி. நெகட்டிவ்ல இருக்கான். எனக்குத் தெரியும்.”

ஸ்கேனரும் அண்ணனுடையதுதான். அதோடு வந்த மென்பொருள் அவனுடைய பழைய கம்ப்யூட்டரோடு போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போது அவள் கணவனின் மடிக்கணினியில் புதிதாக ஒன்றை ஏற்ற வேண்டும். அவனோ துடைப்பம் வாங்குவதென்றால்கூட நாலு பேர் எழுதியதைப் படிக்காமல் வாங்கமாட்டான்.

“ரெண்டு இருக்கு. ஒண்ணு சுலபம். ஃபிலிமை உள்ள தள்ளினா அதுவே படம் படமா வெட்டி, கலரும் சரிபண்ணிடும். இன்னொண்ணு, இங்க பாரேன், விமானம் ஓட்டற இடம் மாதிரி எத்தனை பட்டன்! எல்லாத்தையும் நாமளே சொல்லணும்.”

“சுலபமானதையே போடுங்க.”

அது சமர்த்தாகத்தான் வேலை செய்தது. பாலம் வந்தது. யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணம் வந்தது. அவளே இரட்டைப் பின்னலோடு மூன்று முறை வந்தாள். அண்ணன் வரவில்லை. அவள் ஒரு துண்டு ஃபிலிமை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

“இதுல அஞ்சு இருக்கு. நாலுதான் காட்டுது.”

“ஓரத்துல இருக்கறது வெளிச்சம் பட்டுக் கறுத்துப்போயிருக்கு. வேஸ்ட்னு அதுவே தள்ளியிருக்கும்.”

“அந்த வேஸ்ட்தான் எனக்கு வேணும்” என்றாள். சத்தம் கூடிப்போனது அவளுக்கே தெரிந்தது. சமையலறையில் பேச்சு நின்றது.

கேமராவில் புது ரோல் போடும்போது மூடி திறந்திருப்பதால் ஃபிலிமின் முனையில் வெளிச்சம் பட்டுவிடும். சும்மா இரண்டு தடவை அமுக்கி ஓட்டிய பிறகுதான் ஒன்று, இரண்டு என்று எண் ஆரம்பிக்கும். அண்ணன் ஃபிலிம் விஷயத்தில் மகா கஞ்சன். எண்ணுக்குள் வரும் படத்தில் யாரையும் கைவைக்க விடமாட்டான். ஆனால் அந்த முதல் இரண்டும் அவளுக்கு. “கணக்குல வராதது உனக்கு” என்று கேமராவை அவள் கையில் திணிப்பான். எதிரே நிற்பது அவன்தான், அவனைத்தான் அவள் எடுப்பாள். அவள் கல்யாணமாகிப் போகும்வரை எல்லா ரோலிலும் இப்படித்தான். ஃபிலிம் கழுவும் கடைக்காரர் அவற்றை ஒருநாளும் பிரதி போட்டுத் தந்ததில்லை.

அவள் போன் அடித்தது. மருத்துவமனையிலிருந்து வண்டி கிளம்பிவிட்டதாம்.

இரண்டாவது மென்பொருள் ஊர்ந்து ஊர்ந்து இறங்கியது. ஏதோ நிபந்தனைகள் வந்தன. கணவன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதல் வரியிலிருந்து தொடங்கினான்.

“ஐயோ, ஒத்துக்கிட்டேன்னு தட்டுங்க! சொத்தையா எழுதிக் கேக்கறாங்க?”

தட்டினான். அவளே ஃபிலிமின் கறுத்த முனையைச் சுற்றிக் கட்டம் போட்டாள். ஸ்கேனர் உறுமியது. திரையில் ஒரு முகம் வந்தது. முழுக்க நீலம்.

“சரிபண்ணுங்க. சீக்கிரம் சரிபண்ணுங்க” என்று திரும்பிக்கொண்டாள். அந்த நிறத்தில் அண்ணனை மருத்துவமனையில் அதிகாலையில் ஒருமுறை பார்த்தது போதும்.

“இப்ப பாரு” என்றான் கணவன்.

ஃபிலிமில் கறுத்திருந்த பாதி, படத்தில் வெந்ததுபோல் வெள்ளை. அந்த வெள்ளையின் ஓரத்திலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தான். கழுத்துப் பட்டன் போடாத சட்டை, சீவாத தலை. அடுத்த ரோலில் வெள்ளை காதுவரை வந்திருந்தது. அதற்கடுத்ததில் தோளோடு நின்றிருந்தது. வரிசையாக வந்துகொண்டே இருந்தான்.

அண்ணி எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“இந்த மீசையை நான் பாத்ததே இல்லையே.”

“உங்களைப் பொண்ணு பாக்க வர்றதுக்கு முந்தின நாள் எடுத்துட்டான். நான் எவ்வளவோ சொன்னேன்.”

“நல்லவேளை எடுத்தாரு.” அண்ணி திரையருகே குனிந்தாள். “அதென்ன, எல்லாத்துலயும் வாயைத் திறந்துட்டே இருக்காரு? என்ன சொல்றாரு?”

“‘அமுக்குடி, நேரமாகுது’ன்னு.”

அண்ணி சிரித்துவிட்டாள். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

தோளோடு வெள்ளை நின்ற படத்தையே எடுத்தார்கள். கணவன் தயங்கித் தயங்கி, “அந்த வெள்ளையை வெட்டிடவா அக்கா?” என்று கேட்டான்.

“வேணாம் தம்பி. அது அவங்க ரெண்டு பேரோடது.”

அவன் படம் அச்சடிக்கும் கடையின் மின்னஞ்சல் முகவரியைப் போட்டுக் கொடுத்துவிட்டு, படத்தை வாங்கி வரச் செருப்பைத் தேடிப் போனான். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அவள் விரல் பொத்தான் மேல் போய் உட்கார்ந்தது, அழுத்தவில்லை. அனுப்பிவிட்டால் அது செத்தவன் படமாகிவிடும். வாசலில் ஒரு வண்டி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. யாரோ “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று வழிகாட்டினார்கள்.

அண்ணி அவள் கைமேல் தன் கையை வைத்து, விரலோடு சேர்த்து அழுத்தினாள். படம் போய்விட்டது.

வெளியே வண்டியின் கதவைத் திறந்தார்கள். அண்ணி கையை எடுக்கவில்லை.