பிரவுன் ஷூக்காரர்

உரக்கடை இத்ரீஸைப் பற்றி உத்தமபாளையத்தில் யாரும் விசாரிக்க வேண்டியதே இல்லை. நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்திருப்பான். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போவான். செவ்வாய்க்கிழமை சரக்கு எடுக்கத் தேனிக்குப் போவான். திராட்சைக்கு என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டால் விலை குறைந்ததைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவான். இதற்கு மேல் அந்த மனிதனிடம் ஒன்றும் கிடையாது என்று ஊர் நம்பிக்கொண்டிருந்தது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றத்தான் அவன் இத்தனை வயதுவரை படாதபாடு பட்டுக்கொண்டிருந்தான்.

அதனால்தான், எதிர் டீக்கடை சுருளியாண்டி கிளாஸ் கழுவிக்கொண்டே சொன்ன செய்தி அவனைப் பயமுறுத்தியது.

"பாய், நேத்து ரெண்டு பேரு வந்து உங்களப் பத்தி விசாரிச்சாக. வெளியூரு வண்டி, வெள்ளை அம்பாசிடரு."

"என்னத்த விசாரிச்சாக?"

"ஆளு எப்படி, குடிப்பாரா, கடையில யாராரு வந்து போறாகன்னு கேட்டாக. செவ்வாக்கிழமையானா தேனிக்குப் போறாராமே, அங்கன யாரு கூடப் பழக்கம்னும் கேட்டாக." சுருளியாண்டி குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பேங்குல லோனு கீனு போட்டிருக்கீகளா?"

"இல்லையே."

"அப்ப டேக்ஸ்காரகளா இருக்கும். ஒருத்தரு பிரவுன் ஷூ போட்டிருந்தாரு. மீசைய ஒட்ட வெட்டியிருந்தாரு. பேசும்போது நம்ம மூஞ்சியப் பாக்கல, கையத்தான் பாத்துக்கிட்டே இருந்தாரு."

பிரவுன் ஷூ. அந்த ஊரில் செருப்புப் போடுகிறவர்கள் உண்டு, கல்யாணத்தன்று மட்டும் கறுப்பு ஷூ போட்டுக் காலைக் கடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. பாலிஷ் போட்ட பிரவுன் ஷூவை இத்ரீஸ் காக்கிப் பேண்ட்டுக்குக் கீழேதான் பார்த்திருக்கிறான். பாதி கிளாஸை அப்படியே வைத்துவிட்டுக் கடைக்குள் வந்து உட்கார்ந்தான்.

அவன் பயந்ததற்குக் காரணம் இருந்தது. போன மாதம், அதாவது 2006 ஜனவரியில், பேப்பரில் ஒரு செய்தி வந்தது. ஆண்கள் ஆண்களைத் தேடும் இணையதளம் ஒன்றில் வடக்கே ஏதோ ஒரு நகரத்துப் போலீஸ்காரர்கள் தாங்களும் பொய்ப் பெயரில் சேர்ந்திருக்கிறார்கள். இனிக்க இனிக்கப் பேசி, போட்டோ வாங்கி, ஒரு பூங்காவுக்கு வரச்சொல்லி, வந்தவர்களை ஜீப்பில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பிடிபட்டவர்களின் பெயரும் தொழிலும் மறுநாள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. முன்னூற்று எழுபத்தேழாவது பிரிவு, ஆயுள் தண்டனைவரை கொடுக்கலாம் என்று செய்தியின் கடைசி வரி சொன்னது. இத்ரீஸ் அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, சுக்குநூறாகக் கிழித்து, குப்பையோடு எரித்தான். பேப்பரை எரித்தால் சட்டமும் எரிந்துபோகுமா என்ன?

அந்தத் தளத்தில் அவனும் இருந்தான். உள்ளூரில் வைத்து அதைத் திறக்க அவனுக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது? தேனியில் ஒரு பிரௌசிங் சென்டரின் மூலைக் கேபினில் வைத்துத்தான் சேர்ந்தான். பெயர் 'மேகமலை'. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மலைப் படம் ஒன்று. அங்கேதான் 'வராகநதி' என்ற பெயரில் ஒருவன் வந்து, சாப்பிட்டாச்சா என்று கேட்டான். அப்படிப்பட்ட தளத்தில் வந்து சாப்பிட்டாச்சா என்று கேட்கிற ஒரே ஆள் அவனாகத்தான் இருப்பான். செல்லப்பாண்டி, பெரியகுளத்தில் ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட். முதல் சந்திப்பில் இரண்டு பேரும் தேனி பஸ் ஸ்டாண்டில் ஒருவரை ஒருவர் தாண்டித் தாண்டி நடந்தார்கள். கூப்பிடத் தைரியம் வருவதற்குள் டீக்கடைக்காரரே யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு எல்லாச் செவ்வாய்க்கிழமையும் அவனுக்காகத்தான். டீ குடிப்பார்கள், பரோட்டா சாப்பிடுவார்கள், நேரம் இருந்தால் வைகை அணைப் பூங்காவில் போய் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். இத்ரீஸ் செல்லப்பாண்டியை நேசித்தான். திங்கட்கிழமை சாயங்காலமே சட்டைக்கு இஸ்திரி போடுகிற அளவுக்கு நேசித்தான். சரக்கு எடுக்கப் போகிறவனுக்கு எதற்கு இஸ்திரிச் சட்டை என்று கேட்க வீட்டில் யாருக்கும் தோன்றாதது அவன் அதிர்ஷ்டம்.

தேர்தல் நெருங்கியபோது அந்த மூலைக் கேபினும் போயிற்று. பிரௌசிங் சென்டர்கள் ஆபாசப் படம் காட்டிப் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று ஒரு கட்சியின் இளைஞர் அணி ஊர்வலம் போனது. அந்த ஊர்வலத்தில் முன்வரிசையில் நின்று கத்திய இரண்டு பேர் எந்தக் கேபினின் வாடிக்கையாளர்கள் என்பது சென்டர்காரருக்குத் தெரியும், அவர் பாவம் வாயைத் திறக்கவில்லை. போலீஸ் வந்து கதவுகளைக் கழற்றச் சொன்னது, மானிட்டர்களைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைக்கச் சொன்னது. தெருவைப் பார்த்த திரையில் காதல் கடிதம் எழுத முடியுமா?

"டெல்லி கோர்ட்டுல கேஸ் நடக்குது பாய்," என்பான் செல்லப்பாண்டி. "அந்தப் பிரிவையே எடுத்துருவாக, நீ வேணா பாரு." அவனுக்குச் சட்டத்தின்மேல் அப்படியொரு நம்பிக்கை. ஆனால் போன செவ்வாய்க்கிழமை அவன் வேறொன்று கேட்டான்.

"பாய், உன் போட்டோ ஒண்ணு குடேன். பாஸ்போர்ட் சைஸ் போதும்."

"எதுக்கு?"

"சும்மா. கையில வச்சுக்கத்தான்."

அப்போது செல்லப்பாண்டி தரையைப் பார்த்தான். இத்ரீஸ் தர முடியாது என்று சொல்லிவிட்டான். அன்றைக்கு அது ஒரு சாதாரண மறுப்பு. இப்போது, கடையில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தபோது, அந்தக் குனிந்த தலை அவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. வடக்கே அந்த ஊரிலும் போட்டோதானே முதலில் வாங்கினார்கள்?

மிச்சமிருந்த தைரியத்தையும் மறுநாள் கலீல் ரஹ்மான் வந்து கெடுத்தான். உள்ளூர் பிரௌசிங் சென்டர் அவனுடையது, இத்ரீஸுக்குப் பள்ளிக்கூடத் தோழன்.

"மச்சான், யாரோ ரெண்டு பேரு என் சென்டருக்கு வந்தாக. இத்ரீஸ் இங்கன வருவாரா, கம்ப்யூட்டர்ல என்ன பாப்பாருன்னு கேட்டாக. உரக்கம்பெனிக்கு மெயில் அனுப்புவான், அம்புட்டுத்தான்னு சொன்னேன். என்ன மச்சான் சங்கதி?"

"ஒண்ணுமில்ல மச்சான். கம்பெனி ஆளுகளா இருக்கும்."

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு இத்ரீஸ் கணக்குப் போட்டான். செவ்வாய்க்கிழமையின் விசேஷம் யாருக்குத் தெரியும்? கம்ப்யூட்டரில் அவன் வேறென்ன பார்ப்பான் என்பது யாருக்குத் தெரியும்? கடை எங்கே இருக்கிறது என்று அவன் வாயால் சொன்னது யாரிடம்? எப்படிச் சுற்றிப் பார்த்தாலும் ஒரே ஆளிடம்தான் வந்து நின்றது. சாப்பிட்டாச்சா என்று கேட்டானே, எந்தப் போலீஸ்காரனுக்கும் வராத யோசனை என்று அன்றைக்கு நினைத்தோமே, கெட்டிக்காரப் போலீஸ்காரனுக்கு வராதா? அந்த எண்ணம் வந்த பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா மெகருன்னிசா மட்டும் அந்த வாரம் காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை வந்தது. இஸ்திரி போடாத சட்டையில் போனான். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் செல்லப்பாண்டி வழக்கமான இடத்தில் நின்றுகொண்டிருந்தான். இத்ரீஸ் முதலில் அவன் காலைப் பார்த்தான். ரப்பர் செருப்பு. அதற்கென்ன, வேஷம் போடுகிறவன் செருப்பை மாற்ற மாட்டானா?

"என்ன பாய், முகமெல்லாம் வாடியிருக்கு?"

"ஐடி கார்டு இருக்கா சார்?"

செல்லப்பாண்டி சிரித்தான். இத்ரீஸ் சிரிக்காததைப் பார்த்துவிட்டுப் பர்ஸிலிருந்து கல்லூரி அட்டையை எடுத்து நீட்டினான். போட்டோ இருந்தது, முத்திரை இருந்தது, எல்லாம் ஒழுங்காக இருந்தது. அந்த ஒழுங்குதான் இத்ரீஸுக்குப் பிடிக்கவில்லை.

"இதெல்லாம் அடிச்சுக் குடுப்பாக."

"யாரு?"

"உங்க ஆளுக. பிரவுன் ஷூ போட்டு என் கடைவாசல்ல வந்து நின்னாகளே, அவுக. அதுக்குத்தான போட்டோ கேட்டீக?"

செல்லப்பாண்டிக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் அவன் முகத்தில் முதலில் வந்தது கோபம்தான். ஆனால் சந்தேகம் மெட்ராஸ் ஐ மாதிரி, எதிரே நின்று பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும். அவன் கண்கள் மெதுவாக டீக்கடையைச் சுற்றி, பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் போய், நிழலில் நின்ற ஆட்டோவிடம் போய், இத்ரீஸிடம் திரும்பி வந்தன.

"உன்னைய விசாரிக்காகன்னா நீ எதுக்கு இங்கன வந்த?" என்றான். "யாரையும் கூட்டிட்டு வந்திருக்கியா? என்னையக் காட்டிக் குடுத்தா உன்னைய விட்டுருவோம்னு சொன்னாகளா?"

"நானா?"

"பின்ன?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மனதில் இருப்பதைத் திறந்து சொல்லி, அழுது, கட்டிப்பிடித்திருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். ஆனால் பேப்பர் படித்தவர் அந்த நேரம் பார்த்துத் தாளை மடக்கிக்கொண்டு எழுந்தார். மனிதர் பஸ்ஸுக்குத்தான் எழுந்தார். இவர்கள் இருவரும் ஆளுக்கோர் அடி விலகி நின்றார்கள்.

செல்லப்பாண்டி செல்போனைத் திறந்து சிம் கார்டை உருவினான். அதை இரண்டாக ஒடித்து எச்சில் டீ வாளியில் போட்டான்.

"என்னையக் கோயம்புத்தூருக்கு மாத்திட்டாக பாய். அதச் சொல்லத்தான் ரெண்டு வாரமா நாக்கு வராமத் திரிஞ்சேன். போட்டோ அதுக்குத்தான் கேட்டேன். அங்கன நான் யாரப் பாத்துக்கிட்டு இருக்கப்போறேன்?" செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். "நீ நிம்மதியா இரு. உன் பேரு என்கிட்ட இல்ல. என் பேரும் உன்கிட்ட இருக்க வேணாம்."

போலீஸ்காரனும் இப்படித்தான் பேசுவான் என்று இத்ரீஸ் நினைத்தான். நினைத்துக்கொண்டே செல்லப்பாண்டி பெரியகுளம் பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்தான். கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் வெள்ளை அம்பாசிடர் நின்றது. படியில், மற்ற செருப்புகளுக்கு நடுவே, பாலிஷ் பளபளக்க ஒரு ஜோடி பிரவுன் ஷூ கழற்றி வைக்கப்பட்டிருந்தது. இத்ரீஸ் தெருவிலேயே நின்றுவிட்டான். அப்படியே திரும்பிக் கம்பம் பஸ் பிடித்து மலையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போய்விடலாமா என்றுகூட யோசித்தான். உள்ளே அம்மா இருக்கிறாள், அவள் முன்னால் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ என்ற நினைப்புதான் அவனை உள்ளே தள்ளியது.

"ஏலே இத்ரீசு, முகத்தக் கழுவிட்டு வா," என்றாள் அம்மா. அவள் பட்டுச்சேலை கட்டியிருந்தாள்.

ஒட்ட வெட்டிய மீசைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அவனைக் கட்டித் தழுவிக்கொண்டார்.

"வாங்க மாப்ளே. நான் ஷேக் மைதீன். வத்தலக்குண்டு. பொண்ணு நசீமாவுக்குத் தாய்மாமன்."

வேறு எவனாக இருந்தாலும் டீக்கடையில் கேட்ட மறுநொடியே, ஆகா, பெண் வீட்டார் மாப்பிள்ளையை விசாரிக்கிறார்கள் என்று தலையை வாரிக்கொண்டிருப்பான். இந்த ஊரில் ஒருவனைப் பற்றி இரண்டு பேர் கேட்டால் கல்யாணம்தான். இத்ரீஸ் மட்டும் தங்கை பாஜிலாவின் கல்யாணம் முடியட்டும், கடை நிலைக்கட்டும் என்று தட்டிக் கழித்துக்கொண்டே வந்ததில், அவனிடம் கேட்காமலே அம்மா தெரிந்தவர்களிடம் பெண் பார்க்கச் சொல்லிவிட்டிருந்தாள். மறைக்க ஒன்று இருந்ததால் அவனுக்குக் கல்யாணம் ஞாபகத்துக்கே வரவில்லை, ஜெயில்தான் வந்தது.

"சர்வீசுல இருக்கேன், எஸ்.ஐ.," என்றார் ஷேக் மைதீன். "அதனால விசாரிப்பு கொஞ்சம் பலமாத்தான் இருக்கும், தப்பா எடுத்துக்கக் கூடாது. பள்ளிவாசல்ல கேட்டேன், சலூன்ல கேட்டேன், ஒயின்ஷாப்புல கேட்டேன். முன்னெல்லாம் அதோட முடிஞ்சிரும். இப்பத்தான் கண்ட கண்ட படம், கண்ட கண்ட பழக்கம்னு பசங்க கம்ப்யூட்டர்ல கெட்டுப்போறானுகளே, அதனால பிரௌசிங் சென்டர்லயும் கேட்டேன். தேனியிலயும் போய்க் கேட்டேன். ஒரு காலேஜ்காரர் கூட டீ குடிப்பாரு, வேற யாரு கூடவும் பேச்சு கிடையாதுன்னாக. படிச்ச ஆளு சகவாசம். நல்லதுதான்."

கதவுக்குப் பின்னால் பெண்கள் சிரித்தார்கள்.

"பொம்பளப் பிள்ளைக பக்கமே திரும்ப மாட்டாராமே. இப்படி ஒரு மாப்ளைய நான் என் சர்வீசுல பாத்ததில்ல."

இத்ரீஸுக்கு முதலில் மூச்சு வந்தது. ஜீப் இல்லை, கேஸ் இல்லை, பேப்பரில் பெயர் இல்லை. அந்த மூச்சு முடிவதற்குள் இன்னொன்று வந்தது. செல்லப்பாண்டி போலீஸ் இல்லை. செல்லப்பாண்டி செல்லப்பாண்டியாகத்தான் இருந்திருக்கிறான். சொன்ன ஒவ்வொரு சொல்லும் நிஜம். முகம் கழுவுகிற சாக்கில் கொல்லைப்பக்கம் ஓடி அவன் நம்பரை அழுத்தினான். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் மரியாதையாகச் சொன்னாள். ஒடித்துப் போட்டதைத்தான் கண்ணால் பார்த்தானே. தெரிந்தும் மறுபடி அழுத்தினான். பிறகு தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு கொஞ்சநேரம் அழுதான்.

ஈர முகத்தோடு உள்ளே வந்தவனை ஷேக் மைதீன் பக்கத்தில் உட்கார வைத்தார். அவர் கண்கள் அவன் கைகளைப் பார்த்தன. இத்ரீஸ் கைகளை மடியில் வைத்துக் கோத்துக்கொண்டான்.

"மனசுல ஏதாச்சும் உண்டுமா மாப்ளே? இருந்தா இப்பவே சொல்லிருங்க."

அம்மா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லலாம் என்று நினைத்தான். இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணத்தை அவன் செவ்வாய்க்கிழமையே பஸ் ஏற்றி அனுப்பிவிட்டான்.

"ஒண்ணுமில்ல மாமா."

"அப்பச் சரி. கையோட ஒரு போட்டோ குடுங்க. பொண்ணு பாக்கணும்ல. பாஸ்போர்ட் சைஸ் போதும்."

இத்ரீஸ் வாயைத் திறப்பதற்குள் அம்மா ஆல்பத்திலிருந்து ஒன்றை உருவிக் கொண்டுவந்து கொடுத்தாள். ஷேக் மைதீன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். சட்டைப் பையில் வைத்து, பட்டனைப் போட்டு, மேலே ஒருதரம் தட்டிக்கொண்டார்.