மூன்று முறை கூப்பிட்டும்

1988 ஜூன் 14, செவ்வாய்க்கிழமை. சாமளாபுரத்தில் விசைத்தறித் தொழிலாளி ஆறுச்சாமியின் வீட்டுக்குத் தபாலில் ஒரு பழுப்பு உறை வந்தது. உள்ளே நான்கு வரிகள் இருந்தன. மருத்துவக் குழு கூடிய மூன்று நாட்களிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் மனுதாரர் ஆஜராகாததால், ஊனமுற்றோர் உதவித்தொகை கேட்டு அவர் கொடுத்த மனு முடித்து வைக்கப்படுகிறது.

ஆறுச்சாமியின் மனைவி மருதாள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தாள். பிறகு கணவன் முன்னால் வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நாம போகலீன்னு எழுதியிருக்காங்க மாமா."

ஆறுச்சாமி அவள் உதட்டையே பார்த்தார். "எங்க போகலையாமா?"

"ஆஸ்பத்திரிக்கு."

"மூணு தடவையும் போனமே! கடைசியாப் போனப்ப உன்ற செருப்பு வாரு அங்கதான அறுந்துச்சு?"

அறுந்த செருப்பு கதவோரம் கிடந்தது. மருதாள் அதையும் கடிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

ஆறுச்சாமி இருபத்தாறு வருடம் தறி ஓட்டியவர். இருபத்து நான்கு தறிகள் ஒரே கூரைக்குக் கீழ் ஓடும் தறிக்குடோனில் யாரும் காதால் கேட்டுப் பேசுவதில்லை. உதட்டைப் பார்த்தால் போதும். மீதிக்குக் கை இருக்கிறது. இரண்டு விரலைத் தேய்த்தால் இழை அறுந்துவிட்டது. கட்டை விரலை வாய்க்குக் காட்டினால் டீ. மீசையை முறுக்குவதுபோல் காட்டினால் முதலாளி நஞ்சப்பன் வருகிறார். அங்கே ஒருவனுக்குக் காது எப்போது போனது என்பது அவனுக்கே தெரிவதில்லை.

ஆறுச்சாமிக்குக் காது போன விஷயம் 1986 ஆகஸ்டில் ஒரு லாரியால்தான் வெளியே வந்தது. நூல் இறக்க வந்த லாரி குடோன் வாசலில் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. நூல் சுற்றிய தார்க்கட்டைகள் சிந்திக் கிடந்ததை அவர் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். கிளீனர் பலகையைத் தட்டித் தட்டிக் கத்தியிருக்கிறான். சக்கரம் தார்க்கூடையை நசுக்கிய பிறகுதான் ஆறுச்சாமி நிமிர்ந்தார். நஞ்சப்பன் அதைப் பார்த்துவிட்டார். அவர் பொல்லாதவர் இல்லை. ஆனால் மறுநாளே கணக்கை முடித்துவிட்டார்.

"உனக்கொண்ணு ஆச்சுன்னா போலீசு, கேசுன்னு நான் அலையோணும் ஆறுச்சாமி. மத்தபடி உன்ற வேலையில ஒரு குத்தமும் இல்ல" என்று, அவருக்குப் புரியும்படி முகத்துக்கு நேராகச் சொன்னார்.

செய்தி ஊர் முழுக்கப் பரவியது. வேறு குடோன் எதிலும் அவரைச் சேர்க்கவில்லை. அதே குடோனில் முன்பிருந்தே வேலை பார்த்த மருதாள் நான்கு தறியைத் தனியாக ஓட்டி வீட்டில் அடுப்பெரிய வைத்தாள். ஆறுச்சாமிக்குக் காது மருதாள்தான் என்று தெருவில் சொல்வார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

மனுப் போட்டது அந்த வருடம் அக்டோபரில். அது தாலுகா ஆபீசிலிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே பதினான்கு மாதம் ஆனது. மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை காதுக்குழு கூடும். முதல் முறை டிசம்பர், பிறகு பிப்ரவரி, பிறகு ஏப்ரல். மூன்று முறையும் விடிவதற்கு முன் பஸ் ஏறி, முன்வரிசை பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். அறை வாசலில் ஒரு பச்சைத் திரை தொங்கியது. பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து திரைக்குள் போனார்கள். நடுவில் ஒரு நேரம் எல்லாரும் கழுத்தைத் திருப்பி அங்கும் இங்கும் பார்த்தார்கள். யாரையோ தேடுகிறார்கள் என்று மருதாளும் திரும்பிப் பார்த்தாள். சாயங்காலம் அறையைப் பூட்ட வந்த சிப்பந்தி, முடிந்தது என்று கையை ஆட்டினான். இன்றைக்கும் முறை வரவில்லை போலிருக்கிறது என்று இருவரும் எழுந்து வந்தார்கள்.

பதினான்கு மாதம் இழுத்த காரியம் ஒரு நாளில் முடியாதது அவர்களுக்கு ஆச்சரியமாக இல்லை. "கவர்மெண்டுக் காரியம். சொன்ன நாள்ல முடிஞ்சாத்தான் சந்தேகப்படோணும்" என்று பஸ்ஸில் ஆறுச்சாமி சொன்னபோது, நான்கு சீட் தள்ளி இருந்தவர்களும் திரும்பிச் சிரித்தார்கள். தறிக்காரர்கள் மெதுவாகப் பேசி யாரும் பார்த்ததில்லை.

கடிதம் வந்த மறுநாள் மருதாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் தாலுகா ஆபீசுக்குத் தனியாகப் போனாள். உதவித்தொகைப் பிரிவின் எழுத்தர் பொன்னுச்சாமி, ராமநாதபுரம் பக்கத்துக்காரர். மேசைக்கு எதிரே நின்று கடிதத்தை விரித்தாள்.

"பொய் எழுதியிருக்காங்க சார். ஒருக்காக்கூடக் கூப்பிடலீங்க."

"ஆத்தா, மெதுவா. இது ஆபீசு, தறிக்கூடம் இல்ல."

"மெதுவாத்தான் பேசறனுங்க! விடியறதுக்கு முன்னால போயி, பொழுது சாயற முட்டும் உக்காந்திருந்தமுங்க. மொத பெஞ்சுல."

"மூணு தடவை கூப்பிட்டதா எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காக. ஆஸ்பத்திரிக்காரவுகளுக்கு உங்க மேல என்ன பகை?"

"அது எனக்கென்ன தெரியுமுங்க? கூப்பிட்டிருந்தா நான் கேட்டிருக்க மாட்டனா? அவருக்குத்தான காது இல்ல!"

பொன்னுச்சாமி எழுந்து பின்னால் இருந்த இரும்பு பீரோவுக்குப் போனார். முதுகைக் காட்டியபடி ஃபைல் கட்டுகளைப் புரட்டினார். வரிசையில் நின்றவர்கள் சட்டென்று மருதாளைப் பார்த்தார்கள். ஏன் பார்க்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். பொன்னுச்சாமி பாதித் திரும்பி அவளைப் பார்த்தார். மறுபடி பீரோவைப் பார்த்து நின்றார். பிறகு ஃபைலோடு வந்து உட்கார்ந்து, அதை விரித்து முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். படிக்கிறார் போல என்று மருதாள் காத்திருந்தாள். வரிசை மறுபடி அவளையே பார்த்தது. ஒரு பெண் கையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஃபைல் மெல்லக் கீழே இறங்கியது.

"ஆத்தா, இப்ப மூணு தடவை உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்."

மருதாள் சிரித்தாள். "வெளையாடாதீங்க சார்."

"பீரோகிட்ட நின்னு ரெண்டு தடவை. ஃபைலுக்குப் பின்னால ஒரு தடவை. சத்தமாத்தான்."

மருதாள், வாயை மூடிக்கொண்டிருந்த பெண்ணின் பக்கம் திரும்பினாள். "கூப்பிட்டாருங்களா அம்மிணி?"

அந்தப் பெண் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

மருதாள் ஆஸ்பத்திரியில் தொங்கிய பச்சைத் திரையை நினைத்தாள். அதற்குப் பின்னாலிருந்துதான் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் கழுத்தைத் திருப்பித் தேடியது ஆறுச்சாமியைத்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவளும் அவர்களோடு சேர்ந்து அவரைத் தேடியிருக்கிறாள். மூன்று முறையும்.

பொன்னுச்சாமி தன் நாற்காலியை அவளிடம் தள்ளினார். தண்ணீர் கொடுத்தார். இப்போது அவர் வாயை அகலத் திறந்து பேசினார்.

"புது மனுவாப் போட்டா எல்லாம் முதல்ல இருந்து. ரெண்டு வருசம் ஆகும், மூணும் ஆகும். இதையே திறக்கணும்னா, கூப்பிட்டப்ப ஏன் வரலைன்னு காரணம் வேணும். அவருக்குக் கேக்காது, சரி. கூட வந்த ஆளுக்குக் கேக்கலையான்னு மேல கேப்பாக."

"எனக்கும் கேக்காதுன்னு எழுதிக் குடுக்கோணுமா?"

"எழுதணும். உங்களையும் சோதிச்சு டாக்டர் சீட்டு வைக்கணும். வி.ஏ.ஓ. நீங்க வேலை பாக்குற எடத்துல வந்து விசாரிப்பாரு."

"குடோனுக்கா வருவாரு?"

"ஆமாத்தா."

அவள் தண்ணீர் டம்ளரை மேசையில் வைத்தாள். வைத்த சத்தம் வருகிறதா என்று பார்த்தாள். எடுத்து மறுபடி வைத்தாள்.

சாமளாபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது குடோன்காரர்கள் எல்லாரும் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். கரண்டு போயிருந்தது. கரண்டு போனால் ஊரில் ஒரு தறிகூட ஓடாது. ஆனால் மருதாளுக்குத் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கரண்டு போகும்போதெல்லாம் அப்படிக் கேட்கும். எவரோ எஞ்சின் போட்டு ஓட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள். அது யாருடைய எஞ்சின் என்று இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அவள் கேட்டதில்லை.

வீட்டுக்குள் போய்க் கணவன் முன்னால் உட்கார்ந்தாள்.

"மாமா, இப்பத் தறிச் சத்தம் கேக்குதுங்களா?"

"எனக்கு எப்பவும் ஓடீட்டேதான் இருக்குது. தூங்கறப்பவும் நிக்காது. உன்றகிட்டச் சொல்லியிருக்கறனே."

"கரண்டு இல்லீங்க மாமா."

"தெரியுது, பல்பு எரியலையே. அதான் சொல்றேன், எனக்குக் கரண்டு இருந்தாலும் இல்லாட்டியும்..." ஆறுச்சாமி நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்த்தார். "உனக்கும் ஓடுதா?"

அவள் தலையாட்டினாள்.

அவர் எழுந்தார். எங்கே போவது என்று தெரியாமல் கதவு வரை போய்த் திரும்பி வந்தார். "எத்தன நாளா?" என்று கேட்டார். ஒரே வீட்டில், ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்து, இரண்டு பேரும் வாழ்ந்திருக்கிறார்கள். இதை எடுத்துச் சொல்ல மூன்றாவது ஆள் அந்த வீட்டில் இல்லை.

நடந்ததை எல்லாம் சொல்லி முடித்ததும் ஆறுச்சாமி கையை வீசி மறுத்தார். "வேண்டாம் பிள்ளே. என்ற வேல போனது போச்சு. உன்றதும் போச்சுன்னா திங்கறதுக்கு என்ன பண்ணுவ? புது மனுவே போடலாம்."

மருதாளும் அப்படித்தான் முடிவு செய்துகொண்டு மறுநாள் வேலைக்குப் போனாள். ஆனால் வேலை ஓடவில்லை. நான்கு அடி நடந்தால் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். பார்த்துத் திரும்புவதற்குள் முன்னால் இழை அறுந்து துணியில் கோடு விழுந்தது. வாசலில் நூல் லாரி நின்றது. இரண்டு வருடமாக வாரம் இரண்டு முறை அந்த லாரிக்குப் பின்னால்தான் அவள் தார்க்கூடையோடு போய் வந்திருக்கிறாள். அன்று சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போனாள். ஒரு வாரத்தில் காடாத்துணி மூன்று பீஸ் கோளாறு என்று திரும்பி வந்தது.

நஞ்சப்பன் அவளை ஆபீசு அறைக்குக் கூப்பிட்டார். என்னவாயிற்று என்று கேட்டார். அவள் சொல்லிவிட்டாள். அவர் நம்பவில்லை. மேசையை விட்டு எழுந்து அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். சிறிது நேரம் கழித்து முன்னால் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"எத்தன வருசமா ஓட்டற நீ?"

"பதினெட்டு வருசமுங்க முதலாளி."

நஞ்சப்பன் கண்ணாடிச் சன்னல் வழியாகக் குடோனைப் பார்த்தார். உள்ளே பதினோரு பேர் தறிக்கு முன்னால் நின்றிருந்தார்கள். அவர் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"பாரு மருதா. நீ எழுதிக் குடுக்காத. எழுதாத வரைக்கும் எனக்குத் தெரியாது. எழுதீட்டா எனக்குத் தெரிஞ்சதாயிரும். அப்பறம் வெச்சிருக்க முடியாது. ஆச்சா?"

"சரிங்க" என்றுதான் சொல்லிவிட்டு வந்தாள்.

அன்றைக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நாம போகலீன்னு எழுதி வெச்சிருக்காங்க மாமா. அது அப்பிடியே கவர்மெண்டுல இருக்கும்" என்றாள்.

"இருந்துட்டுப் போகட்டும்."

"போனமே மாமா! மூணு தடவ. முதலாளிக்குத் தெரியாம இருக்கோணுமாம். எனக்குத் தெரிஞ்சு போச்சே, நான் என்ன பண்றது? அந்த லாரி நாளைக்கும் வரும்."

ஆறுச்சாமி தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார். 'எனக்கும் காது கேட்காது என்பது எனக்குத் தெரியாது' என்று மருதாள் எழுதினாள். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியாததால் கையெழுத்துப் போட்டாள்.

பொன்னுச்சாமி அந்தத் தாளை வாங்கிப் படித்தார். ஃபைலின் மேல் அட்டையில் சிவப்பு மையால் ஒரு வரி எழுதினார்: 'பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். தோளைத் தொடவும்.'

வி.ஏ.ஓ. நவம்பர் 17 அன்று குடோனில் விசாரித்தார். நஞ்சப்பன் அந்த மாதக் கடைசியோடு மருதாளை நிறுத்தினார். 1989 ஜனவரி 11, இரண்டாவது புதன்கிழமை, சிப்பந்தி திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, இருவர் தோளையும் தொட்டு உள்ளே அழைத்துப் போனான். ஆறுச்சாமிக்கு அறுபது சதவீதம், மருதாளுக்கு எழுபத்தைந்து சதவீதம் கேட்கும் திறன் இல்லை என்று குழு எழுதியது. ஆறுச்சாமிக்கு உதவித்தொகை ஏப்ரலில் வரத் தொடங்கியது. மருதாள் தன் பெயரில் போட்ட மனு 1991 செப்டம்பர் வரை நிலுவையில் இருந்தது. கணவர் ஏற்கெனவே உதவித்தொகை பெற்று வருவதால் அது முடித்து வைக்கப்பட்டது.