வாறன் என்று சொன்னவர்கள்

கடலிலிருந்து ஏறி வரும் பூதம் ஒவ்வொரு முறையும் ஏன் கிண்ணியாவின் அதே ஒழுங்கைக்குள் நுழைகிறது என்று நானும் தயாளினியும் ஒருநாளும் யோசித்ததில்லை. வந்தால் அடித்து விரட்டுவோம். யோசிக்கிற வேலையை மான்குட்டியிடம் விட்டிருந்தோம்.

மான்குட்டி என்றால், திருகோணமலை டவுனில் சோறு சுற்றி எறிந்த லஞ்ச் ஷீட்டைத் தின்று திரிகிற மான்களில் ஒன்றுதான். ஆனால் இது பேசும். உயர்தரம் படித்துக்கொண்டிருந்த எங்களைப் பிடித்து, ஆளுக்கொரு சின்னச் சங்கைக் கழுத்தில் போட்டு, ஊரைக் காக்கச் சொன்னது அதுதான். சங்கை ஊதினால் உடுப்பு மாறும், கையை நீட்டினால் வெளிச்சம் பாயும். தயாளினிக்கு நீலத்தில் சுருக்கு வைத்த பாவாடை; எனக்கு அதே நீலத்தில் பர்தாவும் சேர்த்துத் தந்தது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அதற்கு மரியாதை தெரியும். சங்கு உடைந்தால் கடல் எங்களை எடுத்துக்கொள்ளும் என்பதையும் அது மறைக்கவில்லை. அந்த வயதில் யார் அதையெல்லாம் காதில் வாங்குகிறார்கள்?

சனிக்கிழமை பின்னேரம் பூதம் திரும்பவும் ஏறியது. என் தலைக்கு வந்த அடியைத் தயாளினி நடுவில் பாய்ந்து வாங்கினாள். விழுந்து கிடந்தபடியே வெளிச்சத்தைப் பாய்ச்சி அதை விழுத்தியும் விட்டாள். பூதத்தின் கறுப்பு முழுக்க வடிந்துபோக, தார் ரோட்டில் பள்ளிக்கூடச் சீருடையோடு ஒரு பெண்பிள்ளை கிடந்தது. பஸ்னா. என் பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்பில் படித்து, சில வருடங்களுக்கு முன் காணாமல் போனவள். அவளுடைய வீட்டு வாசல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

“உம்மா, வந்துட்டன்,” என்றாள். பிறகு உப்புத் தண்ணீராகி ரோட்டோரக் கானுக்குள் வடிந்தாள்.

பக்கத்தில் நின்ற மான்குட்டியின் காதைப் பிடித்து முறுக்கினேன். அப்போதுதான் வாயைத் திறந்தது. பஸ்னாவும் சங்கு போட்டவளாம். உடைந்ததும் கடல் எடுத்ததாம். அதோடு அவள் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அன்று வீட்டிலிருந்து இறங்கும்போது உம்மாவிடம் “வாறன்” என்று சொல்லிவிட்டாள். சங்கு போட்டவள் வாக்காகச் சொன்ன சொல் நடந்தே தீரும். செத்த பிறகும் வந்துதான் ஆக வேண்டும். அதனால் அந்த உருவத்தில் வந்தாள். உம்மாவைக் கட்டிப்பிடித்திருந்தால் உம்மா பிழைத்திருக்க மாட்டாவாம்.

“நான் வேலை செய்த மற்றக் கரையளில, போறவை போறன் எண்டுதான் சொல்லுவினம்,” என்றது மான்குட்டி. “இஞ்சதான் போகேக்க வாறன் எண்டு சொல்லுறீங்கள்.”

வேறு எப்படிச் சொல்வது? போறன் என்றால் அது சாகப் போகிறவளின் பேச்சு. என் வீட்டிலும் சரி தயாளினி வீட்டிலும் சரி, சின்ன வயதிலேயே வாயில் அடித்து மறக்கடித்த சொல் அது.

தயாளினி தன் சங்கைத் தடவினாள். அடி விழுந்த இடத்தில் வெடித்திருந்தது. வெடிப்பு மெல்ல மெல்ல நீண்டுகொண்டிருந்தது. அவளும் அன்று தாயிடம் வாறன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். அதை ஒட்ட வழியில்லை என்றது மான்குட்டி. சொல்லை மாற்ற மட்டும் ஒரு வழி இருந்தது. வாறன் என்று கேட்ட அதே காதில் போறன் என்று சொல்லி, கேட்டவரின் வாயாலேயே ‘போ’ என்று வாங்க வேண்டும்.

அவளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு, டவுனிலிருந்த அவள் வீட்டுக்குப் போகப் பாலம் தாண்டினேன். எனக்கு அழுகையை விட ஆத்திரம்தான் வந்தது. சீனன்குடா கழியும்போது அவள் முன்னுக்குச் சாய்ந்தாள். பிறகு என் தோளில் நாடியை வைத்துச் சொன்னாள்.

“பூதமெண்டு தெரிஞ்சாலும் அம்மா கதவத் திறப்பா, ஹுஸ்னியா.”

அவளின் தாய் கமலேஸ்வரி அன்ரிக்கு இவளைத் தவிர யாரும் இல்லை. குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். தயாளினி கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

“அம்மா, நான் போறன்.”

வாறன் என்று சொல்லச் சொல்லி, திரும்பாமலே ஏசினார் அன்ரி. அவள் மறுபடியும் அதையே சொன்னாள். துருவிய கை நின்றது. அன்ரி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தார். எங்கே, யாரோடு என்று கேட்டார். ஒரு பெண்பிள்ளை வீட்டில் போறன் என்று சொன்னால், தாய்க்கு வேறு என்ன தோன்றும்? என்னையும் ஒரு பார்வை பார்த்தார். தூது போனவள் நான்தான் என்று முடிவே கட்டிவிட்டார். பிறகு குரல் உடைந்தது.

“வாறன் எண்டு ஒருக்காச் சொல்லு பிள்ள. நான் வேற ஒண்டும் கேக்க மாட்டன்.”

தயாளினியின் உதடு அந்தச் சொல்லுக்காகத் திறந்ததை நான் கண்டேன். அவள் வாயைப் பொத்தினேன். அன்ரி என் கையைத் தட்டிவிட்டார். சங்கில் இன்னொரு வெடிப்பு ஓடியது. அதன் பிறகு தயாளினி தாயின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

“ஓம், ஒருத்தனோடதான் போறன். உங்களோட இருக்க எனக்கு ஏலாது.”

அன்ரி அவளின் கன்னத்தில் அறைந்தார். தேங்காய்ப்பூ அவள் முகத்தில் ஒட்டிக்கொண்டது.

“அப்ப போ. போய்த் துலை.”

அவள் துடைக்கவில்லை. திரும்பி, துறைமுகப் பக்கம் இறங்கும் ரோட்டில் ஓடினாள். நான் பின்னால் போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் ஒருமுறை நீலமாக மின்னி அடங்கிவிட்டது.

இன்றுவரை அந்தக் கரையில் எதுவும் ஏறவில்லை. மகள் எங்கோ ஒரு வீட்டில் குடும்பம் நடத்துகிறாள் என்று அன்ரி நம்புகிறார். அதை நான் கெடுக்கவில்லை. போன கிழமை சந்தையில் கண்டு என் கையைப் பிடித்தார். கை பழையபடி இல்லை, எலும்பாக இருந்தது.

“நான் போ எண்டது கோவத்தில. அவளக் கண்டா வரச் சொல்லு பிள்ள. அம்மா கூப்பிட்டவ எண்டு சொல்லு.”

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அன்ரி அன்றைக்காவது நித்திரை கொள்வார். என் கழுத்திலும் சங்கு கிடக்கிறது. என் சொல்லும் நடந்தே தீரும்.

“ஏலாது அன்ரி,” என்றேன்.