சித்தப்பா பொதுமக்களில் சேர்த்தியா?

1

இந்தக் கதை ஒரு மெய்ப்புத் திருத்தத்தின் நடுவே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். காப்புரிமை, வணிகக்குறி வழக்குகளை நடத்தும் பெண் வழக்கறிஞர் ஒருவர் வாரந்தோறும் சட்டச் செய்திமடல் எழுதுகிறார். அதில் ஒற்றுப்பிழை களைபவன் நான். இரண்டு சோப்புக் கம்பெனிகள் ஒரே மஞ்சள் நிறத்துக்காக மல்லுக்கட்டிய செய்தியை நான் திருத்திக்கொண்டிருந்தபோது, அவர் நாற்காலியில் சரிந்து சரிந்து சிரித்தார். சோப்புக்காக அல்ல, முந்தைய நாள் தன் அக்கா வீட்டில் நடந்ததை நினைத்து.

"இதைக் கதையா எழுதட்டுமா?" என்றேன்.

"தாராளமா எழுதுங்க. குடை எப்படி வேலை செய்யுதுன்னு மட்டும் மூச்சு விடக்கூடாது."

காரணம் எளியது. விண்ணப்பம் தாக்கலாவதற்கு முன் ஒரு கண்டுபிடிப்பு பொதுமக்களுக்குத் தெரிந்துவிட்டால் அது புதியதாகாது. புதியதல்லாததற்குக் காப்புரிமை இல்லை. ஆக, வாசகரே, என் கதைக்கு நீங்களே முதல் ஆபத்து.

2

முதல் தொடக்கம்: "குடையின் கைப்பிடிக்குள் ஒளிந்திருந்த அந்தச் சிறிய" [நிறுத்தினேன்.]

இரண்டாம் தொடக்கம்: "ஈரக் குடையைப் போலத்தான் மனித மனமும்" [அடித்துவிட்டேன். குடை பாவம், தன்னை உவமையாக்கச் சொல்லி அது யாரிடமும் கேட்டதில்லை.]

மூன்றாவது நிற்கிறது: சனிக்கிழமை மதியம். அக்கா மகளின் பிறந்தநாள். கூடம் நிறைய உறவினர். அக்காவின் கணவர், அதாவது வழக்கறிஞரின் மாமா, குளியலறைக் குழாயடியில் நனைத்த குடையோடு கூடத்தின் நடுவில் குதித்தார். பல வருட உழைப்பு அது. விண்ணப்பம் பழுதில்லாமல் தாக்கலானால் வாங்கிக்கொள்ள ஒரு குடைக் கம்பெனி காத்திருந்தது.

"எல்லாரும் பாருங்க! ஒரு சொட்டு விழுந்தாலும் என் பேரை மாத்திக்கிறேன்!"

"உங்க பேரு கெடக்கட்டும். தரையை இப்பதான் தொடைச்சேன்," என்றார் அக்கா.

மடக்கினார். சொட்டவில்லை. உதறினார். ஊஹூம்.

"எப்படிங்க இது?" என்று கூடமே கேட்டது. மாமா வாயைத் திறந்தார்.

"மாமா! வாயை மூடுங்க!" வழக்கறிஞர் சோபாவைத் தாண்டி வந்துவிட்டார்.

"ஏம்மா, எல்லாம் நம்ம ஆளுங்கதானே?"

"தாக்கல் பண்ற வரைக்கும் நம்ம ஆளுங்கன்னு யாரும் கிடையாது!"*

சொன்ன வேகத்தில் குழந்தையின் ஓவியத்தாளை உருவி, ரகசியக்காப்பு ஒப்பந்தம் ஒன்றை எழுதினார். இனி வருவதை அவருடைய தொழிலில் இருப்பவர் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது. எது ரகசியம் என்று வரையறுக்காத ஒப்பந்தம் நிற்காது என்பது அவர் ரத்தத்தில் ஊறியது. எனவே குடையின் சூட்சுமத்தை வில் முதல் துளை வரை துல்லியமாக வரையறுத்தார். படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்குவது முறையல்ல என்பதும் ஊறியது. எனவே கணீரென்று படித்துக் காட்டினார். மாமா விளக்கியிருந்தால் பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. வழக்கறிஞர் விளக்கியதால் ஒருவர் விடாமல் புரிந்துகொண்டார்கள்.

கையெழுத்துக்கு முன்பே தானே எல்லாருக்கும் சொல்லிவிட்டோம் என்பது, படித்து முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. கால் தரையில் பாவவில்லை. பேனாவோடு ஒவ்வொருவராகப் பறந்தார். எல்லாரும் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார்கள், வழக்கறிஞரின் சித்தப்பாவைத் தவிர.

(* அன்றே தாக்கல் செய்திருக்கலாமே என்பீர்கள். காப்புரிமை அலுவலகத்தின் இணையதளம் பராமரிப்புக்காகத் திங்கள் காலை வரை மூடல். அந்தச் செய்தியை மடலில் வெளியிட்டவரே அவர்தான். அதற்கும் ஒற்றுத் திருத்தியவன் நான்.)

3

சித்தப்பாவின் மீது எனக்கு ஐயம் உண்டு. கதைக்குத் தேவையான நேரத்தில் தேவையான பிடிவாதத்தோடு வந்து உட்காரும் பாத்திரத்தை எந்த விமர்சகனும் சந்தேகிப்பான். அவருக்குப் பதில் பக்கத்து வீட்டுக்காரரைப் போட்டுப் பார்த்தேன்; கதை படுத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் பொதுமக்கள்தான் என்பதில் யாருக்குச் சந்தேகம்?

ஆகவே சித்தப்பாவே இருக்கட்டும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். பிறந்தநாள் அழைப்பு அவருக்கு அன்று காலைதான் போனது. குடும்பப் படங்கள் எதிலும் அவர் இல்லை; எடுப்பவர் எப்போதும் அவர்தான்.

"சித்தப்பா, ஒரே ஒரு கையெழுத்து."

"எல்லாருக்கும் கேக் வந்துச்சு. எனக்குக் காகிதம் வந்திருக்கு."

"கேக்கும் வருது சித்தப்பா."

"மெதுவா வரட்டும். வக்கீலம்மா, ஒன்னு சொல்லு. நான் இந்த வீட்டு ஆளா, வெளியாளா?"

"என்ன கேள்வி இது! வீட்டு ஆளுதான்."

"வீட்டு ஆளுன்னா கையெழுத்து எதுக்கு?"

வழக்கறிஞர் பேனாவை மூடினார், திறந்தார்.

"சரி, வெளியாளுன்னே வெச்சுக்குவோம். வெளியாளு உங்களுக்காக எதுக்கு வாயைக் கட்டிக்கிட்டு இருக்கணும்?"

மாமா குடையை விரித்து அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

எந்த எதிர்த்தரப்பும் இப்படியொரு வாதத்தை வழக்கறிஞர் முன் வைத்ததில்லை. வீட்டுக்குள் நம்பிக்கையின் பேரில் கேட்டவர் என்றால் சித்தப்பா பொதுமக்கள் அல்லர், குடை பிழைக்கும். ஆனால் காகிதத்தை நீட்டியதே அவரை வெளியே நிறுத்திவிட்டது. பயத்தோடு கூடவே கைதட்ட வேண்டும் போலவும் இருந்ததாம்.

4

முடிவு அ: கண்கலங்கிக் கையெழுத்திடுகிறார். [வேண்டாம். சித்தப்பா படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்.]

முடிவு ஆ: பயிற்சிக் காரில் ஒலிபெருக்கி கட்டி, தெருத்தெருவாகக் குடையின் சூட்சுமத்தை [ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் அப்படிப்பட்டவர் அல்லர்.]

முடிவு இ, நடந்தது: அக்கா ஒரு தட்டில் கேக் கொண்டுவந்து தங்கையின் இடக்கையில் வைத்து, "நீயே குடு," என்றார். வலக்கையில் பேனா இருந்தது. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

"எதை வேணும்னாலும் வை. வெச்சது எதுவோ, அதுதான் நான்."

எதை வைத்தார் என்று வழக்கறிஞர் என்னிடம் சொல்லியிருக்கிறார். எழுதமாட்டேன். நாளைக்கே விண்ணப்பத்தை எதிர்க்கும் ஒருவர் இக்கதையைச் சான்றாவணமாகத் தாக்கல் செய்தால், சித்தப்பா யார் என்பதற்கு நான் சாட்சியாகிவிடுவேன். அந்தத் தகுதி எனக்கில்லை. அது அந்த வீட்டாருடையது. இவ்வளவு தூரம் கூடத்தில் உட்கார்ந்துவிட்டதால், இப்போது உங்களுடையதும்.

கை நீண்டிருக்கிறது. கேக்கின் கிரீம் உருகுகிறது. வையுங்கள்.