வேர்வையை நம்பியவர்

கொதித்த தண்ணீரிலிருந்து கண்ணாடி ஊசிக்குழாயை எடுத்து, மருந்தை ஏற்றி, பொன்னுமணி கணவனின் தொடையில் இன்சுலின் போட்டாள். குரங்கணிக்கு மேலே, ஏலக்காய் எஸ்டேட் வீடுகளில் கடைசி வீடு அது. வாசலுக்கு வெளியே மலை இன்னும் மேகத்துக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

"கஞ்சியைக் குடிச்சுட்டுப் போங்க. ஊசி போட்டா ஒடனே சாப்பிடணும்னு கம்பவுண்டரு எத்தனை தடவை சொன்னாரு?"

"பயிற்சிக்கு வெறும் வயித்துலதான் நிக்கணுமாம். வந்து குடிக்கிறேன்" என்றான் ஜக்கையன். "ஊசி டப்பாவை உள்ள வை. யாரும் பாத்துறப் போறாக."

ஆறு வருடமாக அவனுக்கு நீரிழிவு. அது தெரிந்தவர்கள் இரண்டே பேர்: பொன்னுமணியும், எஸ்டேட் கம்பவுண்டர் வேலுச்சாமியும். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு ஜக்கையன்தான் தலைமை ஆள். சீக்காளி என்று தெரிந்தால் அந்த இடத்தில் வேறொருவனை உட்கார்த்திவிடுவார்கள் என்ற பயம் அவனுக்கு.

அந்த ஐப்பசியில் போடியிலிருந்து ஏலக்காய் வாங்க வந்து தங்கியிருந்தார் ஞானதுரை. இளவயதில் பினாங்கில் கடை வைத்திருந்தவர். அங்கே ஒரு சீனர் அவருக்கு 'சீகுங்' என்ற மூச்சுப் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்திருந்தார். முழங்காலை லேசாக மடக்கி, பெரிய பானையை அணைப்பதுபோலக் கைகளை வைத்து, மூச்சை மெல்ல விட்டு வாங்கிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். பனிக்குள் அவர் நிற்பதைப் பார்த்தால் மரம் ஒன்று வேட்டி கட்டிக்கொண்டதுபோல இருக்கும். ஜக்கையனுக்கும் ஆசை வந்தது.

"ஒடம்புக்கு ஏதும் உண்டா தம்பி?" என்று முதல் நாளே கேட்டார் ஞானதுரை.

"எனக்கென்னண்ணே, கல்லு மாதிரி இருக்கேன்."

முதல் நாள் கொட்டாவி கொட்டாவியாக வந்தது. இரண்டாம் நாள் உள்ளங்கை சுட்டது, வயிறு உருண்டது, ஏப்பம் வந்தது. நாலாம் நாள் உடம்பெல்லாம் வேர்த்து, விரல்கள் நடுங்கின.

"எனக்கும் பினாங்குல இப்படித்தான் நடுங்குச்சு" என்றார் ஞானதுரை. "நல்லதுதான்."

ஜக்கையனுக்கு அது வேறு விதமாகப் புரிந்தது. ஸ்டோரில் பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பித் தீ மூட்டினால் முதலில் காய் வேர்க்கும். அப்போது பயந்து தீயைத் தணித்தால் காய் கெட்டது. வேர்த்து முடிந்த பிறகுதான் நிறம் பிடிக்கும். இருபது வருடம் அதையே பார்த்த கண்.

"காய் வேர்க்குது புள்ளே" என்றான் மனைவியிடம், சிரித்துக்கொண்டே. "சீக்கு வெளிய போகுது. இப்ப நிறுத்தக் கூடாது."

"ஒங்க ஒடம்பு என்ன ஏலக்காயா? கம்பவுண்டருகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க."

"அவன் கேலி பண்ணுவான். நீ வாயத் தொறந்த, எனக்குக் கெட்ட கோவம் வரும்."

அவள் வாயைத் திறக்கவில்லை. அவன் நிற்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனான்.

பத்தாம் நாள் ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது. சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. ஜக்கையன் திடீரென்று சிரித்தான். "தட்டை எறக்குங்கடா... வெரசா..." என்று யாருமில்லாத பக்கம் பார்த்து உளறினான்.

பயிற்சி பலிக்கிறது என்று ஞானதுரைக்குச் சந்தோஷம்கூட வந்தது. "விடாத தம்பி, நில்லு!" என்றார்.

மறுகணம் ஜக்கையன் வெட்டிய மரமாகச் சாய்ந்தான். பல் கிட்டித்துக்கொண்டது. கை கால் இழுத்தது. கஞ்சிச் சொம்போடு வந்த பொன்னுமணி அதைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"ஐயோ, அவருக்கு நீரிழிவுண்ணே! ஊசி போட்டு வெறும் வயித்தோட வந்திருக்காரு!"

ஞானதுரைக்கு ஒரு கணம் காதே கேட்கவில்லை. பிறகு ஐம்பது வயதை மறந்து மருந்தகத்துக்கு ஓடினார்.

வேலுச்சாமி வந்ததும் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். ஜக்கையன் கண்ணைத் திறந்து, "ஏன் எல்லாரும் நிக்கிறீக?" என்றான்.

"பொழைச்சுக்கிட்டயான்னு பாக்கத்தான்" என்றார் வேலுச்சாமி. "அது சீக்கு போற வேர்வை இல்லய்யா, உசுரு போற வேர்வை! ஊசியும் போட்டு, பட்டினியும் கெடந்து, ஒடம்பையும் வருத்துனா ரத்தத்துல சக்கரை அத்துப் போகும். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா என் கையில ஒண்ணுமில்ல."

ஞானதுரை தரையில் உட்கார்ந்துவிட்டார். "நடுக்கம்னா எல்லாருக்கும் ஒரே நடுக்கம்னு நெனச்சுட்டேனே. இவன் கண் முன்னால செத்துக்கிட்டிருந்தான். நான் நில்லு நில்லுங்கிறேன்!"

"நான்தாண்ணே ஒங்ககிட்ட மறைச்சேன்" என்றான் ஜக்கையன்.

"அவருகிட்ட நோயை மறைச்சீக. கம்பவுண்டருகிட்டப் பயிற்சியை மறைச்சீக" என்றாள் பொன்னுமணி. அழுகை நின்றுபோன முகம் வெளுத்திருந்தது. "ரெண்டும் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். நீங்க கோவிப்பீகன்னு நானும் ஊமையா நின்னேன். மூணு பேரும் சேந்து ஒரு உசுரைக் கொல்லப் பாத்தோம்."

அவள் எழுந்து சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டாள்.

"சோலி போனா வேற சோலி தேடிக்கிடலாம். இன்னிக்கே எஸ்டேட் தொரைகிட்டப் போயி ஒங்களுக்கு நீரிழிவுன்னு நானே சொல்றேன். எந்த வைத்தியம் ஆரம்பிச்சாலும், எந்தப் பயிற்சி பழகினாலும், நோயை முழுசாச் சொல்லணும். ஒடம்புல புதுசா ஒண்ணு தெரிஞ்சா, நமக்குப் பிடிச்ச அர்த்தத்தை நாமளே சொல்லிக்கிடாம, தெரிஞ்சவுககிட்டக் கேக்கணும். நோயாளியா இருக்கிறதுல வெக்கமில்லை. மறைச்சுச் சாகுறதுதான் வெக்கம்."

ஜக்கையன் மெல்லத் தலையசைத்தான். பொன்னுமணி எஸ்டேட் ஆபீஸை நோக்கி இறங்கி நடந்தாள்.