பாதி மழித்த முகம்

முப்பது வருடத் தொழிலில் ஒரு முகத்தையும் பாதியில் விட்டதில்லை என்பது அந்தச் சலூன்காரரின் பெருமை. சொந்த மைத்துனன் வாசலில் நின்று சண்டைக்கு இழுத்தபோதுகூட, நாற்காலியில் இருந்தவரின் கிருதாவை இரண்டு பக்கமும் சமமாக்கிவிட்டுத்தான் சண்டைக்குப் போனார்.

அன்று காலை நாற்காலியில் இருந்தவர், எதிரே உள்ள மருத்துவமனையில் ஈசிஜி எடுப்பவர். சிரித்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி ஆள். படுத்திருப்பவர்களிடம் "அசையாதீங்க" என்பதைத் தவிர வேறெதுவும் பேசாததால் தெருவில் அவருக்குப் பெயரே 'அசையாதே'. அவருடைய இடது கன்னம் முடிந்தது. கத்தியைத் துடைக்கும்போது சலூன்காரர் இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

"எத்தனை நாளா வலி?" கண்ணாடியைப் பார்த்தபடியே அசையாதே கேட்டார்.

"மூணு நாளா. சீப்பு பிடிக்கிற கை இல்லையா தம்பி, எங்க தொழில்ல எல்லாருக்கும் உள்ளதுதான். வீட்டுல தைலம் தேய்ச்சுக்கிட்டே இருக்கா."

"மாடிப்படி ஏறினா?"

"கூடுது. நின்னா குறையுது."

"சீப்பு பிடிச்ச வலி படி ஏறினா எப்படிண்ணே கூடும்?"

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றியும் சலூன்காரருக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. தாடை வேறு இறுகியது. "அஞ்சு நிமிஷம், இந்தப் பக்கத்தை முடிச்சிடறேன்" என்று கத்தியை எடுத்தார்.

அசையாதே துண்டை உருவிவிட்டு எழுந்தார். "முடிக்க வேணாம். நீங்க உட்காருங்க. ஒரு அடி நடக்கக் கூடாது."

சலூன்காரர் தன் கடை நாற்காலியிலேயே உட்கார வைக்கப்பட்டார். ஒரு போன்தான், இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள். பக்கத்திலேயே வலது கன்னம் முழுக்க நுரையோடு அசையாதே நடந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. அவர் அதைச் சட்டை செய்யவே இல்லை.

ஈசிஜி அறையில், நெஞ்சு நிறைய முடி இருந்ததால் ஒயர் மாட்டும் வில்லைகள் ஒட்டவில்லை. அசையாதே ஒரு ரேசரை எடுத்து மூன்று இடங்களில் கட்டம் கட்டமாக மழித்தார்.

"முடிக்கு எதிரா இழுக்குறீங்க தம்பி." வலியிலும் சலூன்காரரால் பொறுக்க முடியவில்லை.

"அசையாதீங்க."

காகிதம் வெளியே வந்தது. டாக்டர் பார்த்த மாத்திரத்தில் மாரடைப்பு என்றார். மாத்திரையை மென்று விழுங்கச் சொல்லிவிட்டு உள்ளே கொண்டுபோகச் சொன்னார். அப்போதுதான் சலூன்காரருக்குப் பயம் வந்தது. அசையாதேயின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"செத்துடுவேனா தம்பி?"

"என் முகம் பாதியில நிக்குது. அதை முடிக்காம நீங்க எங்கே போவீங்க?"

சிடுமூஞ்சி என்று இத்தனை காலம் நினைத்தோமே என்று சலூன்காரருக்கு வெட்கமாக இருந்தது.

அடைத்திருந்த ரத்தக்குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். மறுநாள் டாக்டர் வந்தார். "இன்னும் கொஞ்ச நேரம் கடையிலேயே இருந்திருந்தா இதயத்துல பாதி செத்திருக்கும். மாடிப்படியைப் பத்திக் கேட்டாரே, அவருக்கு நன்றி சொல்லுங்க."

சலூன்காரர் சிகரெட்டை விட்டார். உப்பைக் குறைத்தார். தினமும் காலையில் நடந்தார். ஆறு வாரம் கழித்துக் கடை திறந்த அன்று முதல் ஆளாக அசையாதே வந்து உட்கார்ந்தார். வேறு கடைக்குப் போகாமல் சொந்தக் கையால் மழித்துக்கொண்டதில் மோவாயெல்லாம் கீறல். சலூன்காரர் வலது கன்னத்திலிருந்து ஆரம்பித்தார்.

அன்று வீட்டில் குளித்துவிட்டு வந்த சலூன்காரரின் நெஞ்சைப் பார்த்து மனைவி முகம் சுளித்தாள். மழித்த மூன்று கட்டங்களும் பக்கத்து முடிக்குச் சமமாக இன்னும் வளரவில்லை. "ஊருக்கெல்லாம் சமமா வெட்டுறீங்க. இதை ஒரே சீரா எடுத்துவிட்டா என்ன?"

"அது இருக்கட்டும்," என்றார் சலூன்காரர். "தம்பி செஞ்ச வேலை. அதுல நான் கை வைக்க மாட்டேன்."