யாருக்கும் ஆட்சேபணை இல்லாத மனை

என் கனவுகள் இரண்டே நிறத்தில் வரும். மஞ்சள் என்றால் குடியிருப்பு, நீலம் என்றால் கடைகண்ணி. ஊர் வரைபடத்தில் அப்படித்தான் பூசியிருப்பார்கள். மஞ்சள் மனையை வாங்கிவிட்டு அதில் வணிக வளாகம் கட்ட ஆசைப்படுகிறவர்கள் என்னைத் தேடி வருவார்கள். நான் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி அந்த மஞ்சளை நீலமாக்கிக் கொடுப்பேன். லஞ்சம் கிஞ்சம் என்று நினைத்தீர்களானால் எனக்குக் கெட்ட கோபம் வரும். விதிப்புத்தகம் எனக்குத் தலைகீழாகப் பாடம், அவ்வளவுதான்.

தொழிலில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பென்சிலைத் தொடுவதற்கு முன், காலி மனையின் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். கொஞ்ச நேரத்தில் கண் சொருகும். அப்போது தரையிலிருந்து தூண்கள் மெல்ல எழும்பும். மாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து அமரும். எந்தச் சன்னல் மறைகிறது, எந்தத் திருப்பத்தில் வண்டிகள் முட்டிக்கொள்ளும், எல்லாம் தெரிந்துவிடும். வெயிலில் தூங்கிவிட்டு அதற்குச் சம்பளம் வேறா என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

மாடிக்காரர் மனையில் மட்டும் வரைவதற்கு முன் நான் அப்படி உட்காரவில்லை. எதைக் காட்டினாலும் மேலே இன்னொரு மாடி போடலாமா என்று கேட்கிற மனிதர் என்பதால் அவருக்கு நான் வைத்த பெயர் அது. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நின்றார். சரி என்று அளவை வரைபடத்தைப் பார்த்து மேசையிலேயே ஐந்து மாடிக்குப் பிளானை முடித்தேன். மனையின் பின்பக்கம் ஒட்டினாற்போல ஒரு வீடு இருந்தது. பக்கத்துக் கட்டடங்களுக்குப் போடுகிற புள்ளிக்கோட்டை அதற்கும் போட்டு, சர்வே எண்ணை எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

மஞ்சளை நீலமாக்கும் மனுவை அலுவலகம் ஏற்றுக்கொண்டதும், ஆட்சேபணை உள்ளவர்கள் கூட்டத்துக்கு வரலாம் என்று மனையில் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். அதை நட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தேன். இதமான வெயில். கண் சொருகியது. ஐந்து மாடிகளும் சத்தமில்லாமல் எழுந்து நின்றன. அவற்றின் நிழல் நீண்டுபோய்ப் பின்வீட்டு மொட்டை மாடியில் ஏறியது. அங்கே வரிசை வரிசையாக வெள்ளை விரிப்புகள் ஆடிக்கொண்டிருந்தன. நிழல் பட்டதும் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாகி அசைவற்றுத் தொங்கின. கடைசி விரிப்பை ஒரு கை விலக்கியது. என் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

விழித்துப் பார்த்தேன். கட்டடம் இல்லை. விரிப்புகள் இருந்தன, அக்காவும் இருந்தாள். கண்ணாடி போடாததால் அவள் என்னைப் பார்க்கவில்லை.

சொந்த அக்கா வீட்டை அடையாளம் தெரியாத ஒருத்தி உலகத்தில் உண்டா என்று கேட்காதீர்கள். நான் எப்போதும் முன்தெரு வழியாகப் போய், சமையலறையில் உட்கார்ந்து வம்பளந்துவிட்டு வருகிறவள். சர்வே எண்ணாகப் பார்த்தபோது அது எனக்கு யார் வீடோதான். விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுப்பது அக்காவின் தொழில். அத்தான் போன பிறகு அந்த மாடி வெயில்தான் அவளுக்குச் சோறு போடுகிறது. என்னைப் படிக்க வைத்ததும் அவள் துவைத்த துவைப்புதான்.

வழி இல்லாமல் இல்லை. மனையில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்பது விதி. அதை அக்கா வீட்டுப் பக்கம் தள்ளினால் நிழல் மாடியைத் தொடாது. மாடிக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். வண்டி நிறுத்த முன்பக்கம்தான் வேண்டும், பின்னால் விட்டால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒரே பிடியாக நின்றார். இனி ஒன்றுதான் மிச்சம். பக்கத்து வீட்டு ஆட்சேபணை பதிவானால், இடத்தை மாற்றச் சொல்லி அதிகாரி உத்தரவிடலாம். பதிவாகாவிட்டால் பிளான் அப்படியே நிறைவேறிவிடும். அக்காவிடம் போய்ச் சொல்ல எனக்கு முகமில்லை. பலகையைப் பார்த்து அவளே வருவாள், நான் வாய் திறக்காமல் தோற்றுவிடலாம் என்று மனக்கணக்குப் போட்டேன்.

அக்கா வந்தாள். கூட்ட அறையில் மின்விசிறி தூங்கி வழிந்துகொண்டிருந்தது. ஆட்சேபணை யாருக்கு என்று அதிகாரி கேட்டதும் எழுந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்தாள். மாடிக்காரர் பக்கத்தில் கோப்போடு நான்.

"இது உன் வேலையாடி?"

"ஆமாக்கா."

அவள் முகம் அப்படியே இளகிவிட்டது. அதிகாரியிடம் திரும்பினாள். "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லைங்க. வெயில் போயிடுமோன்னுதான் வந்தேன். இது என் தங்கச்சி போட்ட பிளான். அவ அதெல்லாம் பாக்காமலா போட்டிருப்பா?"

சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். வேறு யாராவது உண்டா என்று அதிகாரி ஒப்புக்குக் கேட்டார். மாடிக்காரர் பேனாவை மூடினார். அறையில் அந்த ஐந்து மாடிகளும் மறுபடி எழும்பத் தொடங்கின. நிழல் மேசையைத் தாண்டி அக்காவின் மடிவரை வந்துவிட்டது. அவள் அது தெரியாமல் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

நான் கோப்பை மாடிக்காரர் மடியில் வைத்துவிட்டு எழுந்தேன். மேசையைச் சுற்றிப் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எழுதிக்கோங்க சார். ஆட்சேபணை இருக்கு."

அதிகாரி என்னையும் மாடிக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். இனி எந்தக் கட்டடக்காரர் என் வாசற்படி ஏறுவார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிளானில் என்ன தப்பு என்று கேட்டார்.

"பாக்காம போட்டது, சார்" என்றேன்.

அக்காவின் சிரிப்பு நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்காமல், அதிகாரி எழுதி முடிக்கும்வரை காத்திருந்தேன்.